கடலைவிடப் பனி மலிவு

திருவல்லிக்கேணியில் என் அக்கா வீடு ஐஸ் ஹவுஸ் பஸ் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். மே மாதம், இரவு பத்து மணி. கூடத்து மின்விசிறி வெந்நீரைத் துழாவுவதுபோல் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளைப் பனி. அந்தப் பனியைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறத் துடுப்பு ஒன்று விரைந்து வந்தது. தடித்த உடுப்பு போட்ட ஆராய்ச்சியாளர் ஒருவர் கோடம்பாக்கத்துக் குரலில், "எல்லோரும் பின்னால் போங்கள்!" என்று அலறினார். அடுத்த நொடி அவர் நின்ற இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது.

அக்கா மகனுக்குப் பத்து வயது. "மாமா, ஐஸ் கட்டிக்குள் சுறா எப்படி நீந்தும்?" என்றான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அது கிடக்கட்டும். தண்ணீரில் விழுந்தவன் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறானே, அவனுக்குக் குளிரவே குளிராதா?" என்றார். இரண்டும் நல்ல கேள்விகள். படம் எடுத்தவர்களும் இவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பிறகு கையிருப்பை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அதனால் முதலில் காசைப் பற்றிப் பேசிவிடலாம். சுறாவைக் கடலிலிருந்து பனிக்கு விரட்டியது கற்பனை வளமல்ல, சிக்கனம்.

சுறாப் படங்களின் மூதாதை 1975இல் வந்த 'ஜாஸ்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவை ஒட்டி, நிஜமான கடலில் எடுத்தார்கள். 55 நாள் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. செலவும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. புரூஸ் என்று செல்லப்பெயர் வைத்திருந்த இயந்திரச் சுறாவுக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று ஓடும், நாளை மூழ்கும். வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவை மறைத்தார். மிதந்து செல்லும் மஞ்சள் பீப்பாய்களையும் இரண்டே சுரங்களில் மிரட்டும் இசையையும் வைத்து, சுறா இருப்பதாக நம்பவைத்தார். மிச்சம் சரித்திரம்.

பின்னால் வந்த சிறு முதலீட்டுக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்கள் இரண்டு. சுறாவை முழுதாகக் காட்டவேண்டியதில்லை என்பது ஒன்று. கடல் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் அவர்கள் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். விதிவிலக்கும் உண்டு. 2003இல் வந்த 'ஓப்பன் வாட்டர்' படத்துக்காக நடிகர்கள் இருவரை நிஜச் சுறாக்கள் நடுவிலேயே மிதக்கவிட்டுப் படமெடுத்தார்கள். அப்படிப்பட்ட நெஞ்சுரம் எல்லாத் தயாரிப்பாளருக்கும் வாய்க்காது. எல்லா நடிகருக்கும் வாய்க்காது என்பது இன்னும் பெரிய உண்மை.

கடல் ஏன் விலை அதிகம்? அலை சொன்ன பேச்சைக் கேட்காது. காலை பதினொரு மணிக்கு எடுத்த காட்சியில் நீர் நீலமாக இருக்கும். அதன் எதிர்க்காட்சியை மூன்று மணிக்கு எடுத்தால் கறுத்திருக்கும். படகு நகர்ந்துவிடும், கேமரா நனையும், சமையல்காரர் முதல் கதாநாயகி வரை வாந்தி எடுப்பார்கள். கடலை விட்டுவிட்டுக் கணினியில் உருவாக்கலாம் என்றால் அங்கே வேறு தலைவலி. தண்ணீர் ஒளியை உடைக்கும், பிரதிபலிக்கும், நுரைக்கும், தெறிக்கும். சுறாவின் தோலில் வழிந்து இறங்கும். இதில் ஒன்று தப்பினாலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் தண்ணீரைத் தினமும் பார்க்காத மனிதர் இல்லை. வடபழனியிலும் சாலிகிராமத்திலும் கிராஃபிக்ஸ் வேலை செய்கிற இளைஞர்களிடம் நீர்க்காட்சி என்று சொல்லிப் பாருங்கள், முகம் வாடும்.

பனி அப்படியல்ல. அதற்குள் எதுவும் தெரியாது. சுறாவின் உடல், வால், செவுள் எதையும் வரையவேண்டாம். ஒரு துடுப்பு, அதன் பின்னால் உழுத சால்போல் ஒரு கோடு, பக்கவாட்டில் கொஞ்சம் வெண்பொடி, காட்சி முடிந்தது. பின்னணியும் வெள்ளை, தரையும் வெள்ளை. தொடுவானத்தைக்கூட அழித்துவிடலாம், பனிப்புயல் என்று சொல்லிவிட்டால் கேள்வி இல்லை. நம் ஊரில் செலவைக் குறைக்க இரவிலும் மழையிலும் சண்டைக்காட்சி வைப்பார்கள். செட்டின் பாதியை இருட்டு மூடிவிடும். அதே வேலையை அங்கே வெளிச்சம் செய்கிறது.

வியாபாரமும் இதற்குத் தோதாக அமைந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 1997இல் தொடங்கிய 'தி அசைலம்' என்ற நிறுவனம் மலிவுப் படங்களைத் தொழிற்சாலை முறையில் எடுத்துத் தள்ளியது. அது தயாரித்து, 2013 ஜூலை 11 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஷார்க்னேடோ'வில் சூறாவளி சுறாக்களைத் தூக்கிவந்து ஊருக்குள் கொட்டும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அடுத்தவரையும் பார்க்கச் சொன்னார்கள். 2018 வரை ஆறு பாகங்கள் வந்துவிட்டன. சுறா ஒருமுறை தண்ணீரை விட்டு வெளியேறிவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். மணலில் நீந்தியது, பனிச்சரிவில் நீந்தியது. துருவத்துப் பனியை வைத்து அதே நிறுவனம் 2016இல் 'ஐஸ் ஷார்க்ஸ்' எடுத்தது. தலைப்பையும் போஸ்டரையும் முதலில் முடிவுசெய்து, கதையை அப்புறம் தேடிக்கொள்ளும் வழக்கம் ஹாலிவுட்டின் மலிவுப் பட உலகில் 1950களிலேயே இருந்தது. 'பனி', 'சுறா' என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்த நிமிடமே படத்தின் பாதி விற்றுப்போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் படமே எடுக்கிறார்கள்.

பனியும் நிஜமாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஹாலிவுட்டில் ஒரு காலத்தில் வெள்ளைப்பூச்சு ஏற்றிய சோள அவலைத் தூவினார்கள். மிதித்தால் நொறுங்கும் ஓசை வசனத்தைத் தின்றுவிடும், பிறகு குரலைத் தனியாகப் பதியவேண்டும். 1946இல் வெளிவந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்துக்காகத் தீயணைப்பு நுரையோடு சோப்பையும் நீரையும் கலந்து ஓசைபோடாத பனியைச் செய்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் பனியைக் கலிபோர்னியாவின் கோடை வெயிலில்தான் படம்பிடித்தார்கள். நம் ஸ்டுடியோக்களில் தெர்மாகோல் உருண்டையும் கல் உப்பும் போதும்.

ஆனால் பொய்ப் பனியைக் காட்டிக்கொடுக்க ஒரு சாட்சி எப்போதும் படத்துக்குள்ளேயே இருக்கும்: மூச்சு. குளிர்காற்றில் பேசினால் வாயிலிருந்து ஆவி வரவேண்டும். அடுத்தமுறை இப்படி ஒரு படம் ஓடும்போது சுறாவைப் பார்க்காதீர்கள், நடிகர்களின் வாயைப் பாருங்கள். மைனஸ் முப்பது டிகிரி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வாயருகே காற்று பளிங்குபோல் இருக்கும். மூக்கு சிவந்திருக்காது, மேல்சட்டையின் ஜிப் பாதி திறந்திருக்கும். நம் ஊர்க்காரருக்கு இது பெரிய குறையாகப் படுவதில்லை. பனிமலையில் கதாநாயகன் மட்டும் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாக ஆட, கதாநாயகி மெல்லிய புடவையில் சிரித்துக்கொண்டே உருண்ட பாட்டுகளை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறோம். குளிராத பனி நமக்குப் பழகிய பனி.

இனி அம்மாவின் கேள்வி. உறையும் நிலையிலுள்ள நீரில் ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதை, கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் தன் உடம்பையே குளிர்நீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1 என்று சொல்லப்படுகிறது. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. இரைத்து இரைத்து இழுக்கும்போது தலை நீருக்குள் இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அதாவது ஓட்டையில் விழுந்தவரைக் கொல்ல அங்கே ஏற்கெனவே ஒருவர் வேலையில் இருக்கிறார். சுறா வந்து சேருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்தப் படங்களின் பெரிய சிக்கல் இதுதான் என்பது என் எண்ணம். ஒரே கதையில் இரண்டு வில்லன்கள், அதிலும் பெரிய வில்லனுக்குச் சம்பளமே கிடையாது. சுறாவுக்கு வேலை வேண்டுமென்றால் குளிரைக் கட்டிப்போட்டாகவேண்டும். ஆகவேதான் தண்ணீரில் விழுந்தவர் மூன்று நிமிடம் வசனம் பேசுகிறார், வெளியே இழுத்துப் போட்டதும் தலையைத் துவட்டிக்கொண்டு அடுத்த திட்டத்தைச் சொல்கிறார். குளிரை நம்பியிருந்தால் படத்துக்கு நல்ல பயம் இலவசமாகவே கிடைத்திருக்கும்.

குளிர் மனிதருக்கு மட்டும் எதிரி அல்ல. பெரும்பாலான சுறாக்களின் உடல் சூடு சுற்றியுள்ள நீரின் சூடுதான். நீர் குளிர்ந்தால் அவையும் குளிர்ந்துவிடும். 2017 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் கடுங்குளிர் அடித்தபோது, கேப் காட் கடற்கரையில் நீண்ட வால் கொண்ட திரெஷர் சுறாக்கள் விறைத்துச் செத்து ஒதுங்கின. அதுவும் மாசசூசெட்ஸ் மாநிலம்தான். 'ஜாஸ்' எடுத்த தீவுக்குப் பக்கத்துக் கரை. படத்தில் பனி சுறாவுக்கு வாகனம், நிஜத்தில் எமன். உடலைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரிந்த சில இனங்களும் உண்டு. அலாஸ்காவின் குளிர்கடலில் திரியும் சால்மன் சுறா, நீரைவிடப் பல டிகிரி அதிகமான சூட்டை உடம்புக்குள் காத்துக்கொள்ளும். அது தேடுவது, பெயரிலேயே இருப்பதுபோல், சால்மன் மீனைத்தான்.

நிஜமாகவே பனிக்கு அடியில் குடியிருக்கும் சுறா என்றால் கிரீன்லாந்துச் சுறா. அதைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தப் படங்களின்மேல் கொஞ்சம் கோபமே வந்தது. இப்படி ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீணாக்கிவிட்டார்களே என்று. ஐந்து மீட்டர் நீளம் வரை வளரும், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம். 2016இல் ஜூலியஸ் நீல்சன் குழுவினர் இதன் கண்வில்லையில் உள்ள கரிமத்தை ஆராய்ந்து வயதைக் கணித்தார்கள். அவர்கள் பார்த்ததில் மிகப்பெரிய பெண்சுறாவுக்கு நடு மதிப்பீடு 392 ஆண்டு. கூடக்குறைய 120 ஆண்டு பிசகலாம். நடு மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் அது பிறந்தது 1624 வாக்கில். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரையில் இடம் வாங்கிய 1639இல், நம் ஊருக்கு மெட்ராஸ் என்ற பெயர் கிடைக்கப் போகிற நேரத்தில், அந்தச் சுறாவுக்குப் பதினைந்து வயது. பருவமடையவே இந்த இனத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டு ஆகும். அதாவது கோட்டை கட்டி, பிரெஞ்சுக்காரர்கள் வந்து பிடித்து, திருப்பிக் கொடுத்து, அதற்கும் பிறகுதான்.

இந்தக் கிழவி வேகமாக வந்து யாரையும் கடிக்கப் போவதில்லை. கிரீன்லாந்துச் சுறாவின் வழக்கமான வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவசரத்தில் இரண்டரை. மெரினாவில் காலை நடைப்பயிற்சிக்கு வரும் என் அம்மா, முழங்கால் வலியோடும், அதை முந்திவிடுவார். இந்த இனத்தில் பல சுறாக்களின் கண்ணில் ஓர் ஒட்டுண்ணி தொங்கிக்கொண்டு பார்வையை மங்கவைத்திருக்கும். இவ்வளவு மெதுவான மிருகத்தின் வயிற்றில் கடல்நாய் எப்படி வந்தது என்பது ஆராய்ச்சியாளர்களைக் குடைந்த கேள்வி. துருவக்கரடிக்குப் பயந்து கடல்நாய்கள் தண்ணீருக்குள் தூங்கும், தூங்குவதை மோப்பம் பிடித்துச் சுறா ஓசையில்லாமல் வந்து சேரும் என்பது அவர்கள் முன்வைத்த ஊகம். இருட்டில், கண் தெரியாமல், முந்நூறு வயதில், தூங்குகிறவரைத் தேடி மெல்ல மெல்ல வரும் ஒன்று. துடுப்பைக் காட்டிக்கொண்டு ரயில் வேகத்தில் பாய்வதைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அக்கா மகனின் கேள்விக்கான பதிலும் அந்தத் துடுப்பில்தான் இருக்கிறது. ஆர்க்டிக் பனிக்கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் திமிங்கிலங்கள் மூன்று: போஹெட், வெண்ணிறத்துப் பெலூகா, கொம்புபோல் நீண்ட பல் கொண்ட நார்வால். மூன்றுக்கும் முதுகுத் துடுப்பு கிடையாது. தலைக்குமேல் கூரையாகப் பனி இருக்கும்போது முதுகில் நட்டுக்கொண்டு நிற்கும் ஒன்று இடித்துக்கொள்ளத்தான் உதவும். போஹெட் மூச்சுவிடப் பனியை உடைப்பதுகூடப் பெரிய மண்டையால் முட்டித்தான். கிரீன்லாந்துச் சுறாவுக்கும் பெயரளவுக்குச் சிறிய துடுப்பே. பனிக்கடலின் உயிர்கள் எதை வேண்டாமென்று விட்டனவோ, அதை மட்டுமே வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பிழைகளோடு எப்படி ஓடுகிறது? நான் யோசித்துப் பார்த்ததில், இந்தப் படங்கள் பனியைத் தொட்டுப் பார்க்காதவர்களை நம்பியே எடுக்கப்படுகின்றன. அக்கா வீட்டருகே இருக்கும் ஐஸ் ஹவுஸின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி 1842இல் கட்டிய கிடங்கு அது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, மரத்தூளில் பொதித்து, மாதக்கணக்கில் கப்பலில் ஏற்றி வெப்ப மண்டலத்தைக் கடந்து இங்கே கொண்டுவந்து விற்றார். எந்த ஏரிகள் என்கிறீர்கள்? மறுபடியும் மாசசூசெட்ஸ்தான். நம் ஊரின் வெயிலும் அந்த ஊரின் பனியும் கணக்கு வைத்துக்கொண்டது நேற்றைக்கு அல்ல. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. விவேகானந்தர் 1897இல் தங்கிய பிறகு கட்டடத்துக்கு வேறு பெருமை வந்துசேர்ந்தது. ஆனால் உறைந்த ஏரியின்மேல் நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றும் நமக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

தெரிந்தவர்கள் சொல்வது ஓசையைப் பற்றி. உறைந்த ஏரி வெப்பம் மாறும்போது விரியும், சுருங்கும், விரிசல் விடும். பனித்தட்டின் வழியே கூரிய ஒலி முன்னாலும் கனத்த ஒலி பின்னாலும் வருவதால், தூரத்தில் விட்ட விரிசல், இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ சுண்டியதுபோல் கேட்கும். சில வேளை காலுக்கடியில் உறுமும். திடமான பனி பத்து சென்டிமீட்டர் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது பொது வழக்கு. ஆனால் எங்கே பத்து, எங்கே ஐந்து என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. நிற்கிற தரையே நம்பகமில்லை என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்கிறது? அதைக் காட்ட ஒரு மைக்ரோஃபோனும் ஒரு நடிகரின் காலும் போதும். துடுப்புக்குச் செய்த செலவுகூட ஆகாது. நான் பார்த்த படத்தில் பனி ஒருமுறைகூடப் பேசவில்லை. சுறா மட்டும் சிங்கம்போல் கர்ஜித்தது. சுறாவுக்குக் குரல்நாண் கிடையாது.

பனி விஷயத்தில் நம்மை ஏமாற்றலாம். சுறா விஷயத்தில் சென்னையை ஏமாற்றுவது கடினம். சங்கப் பாட்டில் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுக்காத கடலோர வீடு குறைவு. வெந்நீர் ஊற்றித் தோலின் மணலைச் சுரண்டி, மஞ்சள் போட்டு வேகவைத்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் வதக்கிப் போடுகிற கைக்குச் சுறா அந்நியம் அல்ல. வாங்கும்போது அம்மா முகர்ந்து பார்ப்பார். சுறாவின் தசையில் யூரியா அதிகம். பிடித்த மீனை ஐஸில் வைக்கத் தாமதித்தால் நுண்ணுயிர்கள் அதை அமோனியாவாக்கி நெடி ஏற்றிவிடும். கிரீன்லாந்துச் சுறாவின் தசையில் அதோடு டிஎம்ஏஓ என்ற பொருளும் மிகுதி. பச்சையாகத் தின்றால் நஞ்சு. ஐஸ்லாந்துக்காரர்கள் அதை மாதக்கணக்கில் புளிக்கவைத்து, காற்றில் தொங்கவிட்டு உலர்த்திய பிறகுதான் வாயில் வைக்கிறார்கள். அதன் அமோனியா நெடி உலகப் பிரசித்தம். முகர்ந்து பார்த்தால் அம்மா வாங்கமாட்டார்.

படம் பார்த்த மே மாதத்தில் விசைப்படகுகள் கரையில் கிடந்தன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து, ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குமுன் அக்கா மகனைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போனேன். ஏலக்கூச்சல், தலைக்குமேல் கூடைகள், காலுக்கடியில் ஐஸ் கரைந்த தண்ணீர். முழங்கால் உயர ஐஸ் பாரை ஒருவர் தோளில் சுமந்துவந்து அரைக்கும் இயந்திரத்தின் வாயில் தள்ளினார். கடகடவென்று இரைந்து, மறுபக்கம் வெள்ளையாகக் கொட்டியது. அந்தக் குவியலைச் சட்டியால் வாரிப் பெட்டியில் போட்டு மூடினார்கள்.

பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஒரு பெட்டியில் நொறுக்கிய ஐஸுக்கு மேலே, சாம்பல் நிறத்தில், நுனி கறுத்து, ஒரு முதுகுத் துடுப்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் பார்த்த அதே காட்சி. அவன் ஓரடி பின்வாங்கியதைப் பார்த்துவிட்டார் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள். வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் வெளியே எடுத்துப் பலகையில் போட்டார்; இரண்டடி நீளம்கூட இருக்காது. ஐஸ் சரிந்து அவன் செருப்பில் விழுந்தது. "பால்சுறா, கண்ணு. புட்டுக்கு நன்றாக இருக்கும்," என்றவர், என் பக்கம் திரும்பி, "துண்டு போட்டுவிடவா, முழுசாகவே கட்டித் தரவா அண்ணே?" என்று கேட்டார்.